முனையம் மூடுதலும் ஷெல் விட்டுச்செல்லும் எண்ணும்

நிரல் எழுதுவோர் கையாளும் தொகுப்பிகள் பல இன்று தம்முள்ளேயே ஒரு முனையத்தைக் கொண்டுள்ளன. விசுவல் ஸ்ரூடியோ கோட் 2016 ஆம் ஆண்டிலும், விம் தனது 8.1 ஆம் பதிப்பு வெளிவந்த 2018 ஆம் ஆண்டிலும் இவ்வசதியைப் பெற்றன. வேலை முடிந்ததும் அம்முனையத்தில் ‘எக்ஸிற்’ என்னும் கட்டளையை இடுகிறோம். ஒருவேளை முனையம் சந்தடியின்றி மறைகிறது. மற்றொருவேளை ஏதோ தவறு நேர்ந்துவிட்டதென அறிவிக்கப்படுகிறது. கட்டளை ஒன்றே, விளைவு இரண்டு. இவ்வேறுபாட்டுக்குத் தொகுப்பியையே குறைகூறுவது வழக்கம். காரணமோ இத்தொகுப்பிகளுக்கு நெடுங்காலம் முந்திய யுனிக்ஸ் மரபிலே உள்ளது.

யுனிக்ஸ் பணிசெயல் முறைமையில் ஒரு நிரலை வேறொரு நிரலே தொடக்கிவைக்கிறது. தொடக்கியதைத் தாய் என்றும் தொடக்கப்பட்டதைச் சேய் என்றும் வழங்குவர். சேய் முடிவுறும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. தாய் கேட்டுப் பெறும்வரை பணிசெயல் முறைமை அதனைக் காத்துவைக்கிறது. இதுவே வெளியேற்ற எண் எனப்படுவது. ஷெல்லுக்கு எட்டும் அளவில் அது 0 முதல் 255 வரை அமையும். சுழியம் வெற்றியைக் குறிக்கும். ஏனையவை தோல்வியின் வகைகள். ஷெல்களின் வழக்கில் 127 என்பது கட்டளை காணப்படவில்லை என்றும், 126 என்பது காணப்பட்டும் இயக்க இயலவில்லை என்றும் பொருள்படும். சைகையொன்றினால் நிரல் கொல்லப்பட்டால் பாஷ் ஷெல் அச்சைகையின் எண்ணுடன் 128 ஐக் கூட்டிச் சொல்லும். எண்ணுக்குரிய இடம் சிறிதாகையால், 256 எனக் குறித்து வெளியேறினால் அது சுழியமாகவே தாயைச் சென்றடையும். தோல்வி வெற்றியாக மாறும் விந்தை இது!

முனையத்தில் இவ்வுறவு இரு தலைமுறையாக நிகழ்கிறது. தொகுப்பி ஷெல்லின் தாய். நாம் இடும் கட்டளைகளுக்கு ஷெல் தாய். கட்டளைகள் விட்டுச்சென்ற எண்களுள் இறுதியானதை மட்டும் ஷெல் நினைவில் வைத்திருக்கும். ‘எக்ஸிற்’ கட்டளையை எண் எதுவுங் குறிக்காமல் இட்டால், அந்த இறுதி எண்ணையே ஷெல் தன் சொந்த முடிவாகத் தொகுப்பிக்குக் கொடுத்துவிடுகிறது. முழுச் சிக்கலும் இவ்விடத்திலேயே தோன்றுகிறது. சேயின் கணக்கு தாயின் தலையில் எழுதப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். கோப்பு ஒன்றில் ஒரு சொல் உளதா எனக் ‘கிறெப்’ கட்டளையால் தேடுகிறோம். சொல் இல்லையெனில் அக்கட்டளை 1 என்னும் எண்ணுடன் முடியும். இஃது உண்மையில் பிழையன்று. பிழை நேர்ந்தால் அது 2 ஐத் தரும். இரு கோப்புகளை ஒப்பிடும் ‘டிஃப்’ கட்டளையும் வேறுபாடு கண்டால் 1 என்றே சொல்லும். உடனே நாம் வெளியேறினால் ஷெல்லும் 1 உடன் முடிகிறது. தொகுப்பியோ ஷெல் சீர்கெட்டு வீழ்ந்ததெனக் கொள்கிறது. இதனினும் அடிக்கடி நேர்வது ஒன்றுண்டு. பாஷ் ஷெல்லில் பாதி தட்டிய வரியைக் கொன்றோல் சாவியும் ‘சி’யும் சேர்த்து அழுத்திக் கைவிட்டால் இறுதி எண் 130 ஆகிறது. பின்னர் கொன்றோலையும் ‘டி’யையும் அழுத்தி வெளியேறினாலும் அதே 130 தான் தொகுப்பிக்குப் போகும். எந்தக் கட்டளையும் இயங்கவில்லை. ஆயினும் தோல்வி பதிவாகிறது.

இவ்வெண்ணைப் பெறும் தொகுப்பிகள் யாவும் ஒரே வகையில் நடப்பதில்லை. விசுவல் ஸ்ரூடியோ கோட் சுழியமல்லாத எண்ணைக் கண்டால் அதனைக் குறிப்பிட்டு எச்சரிக்கை காட்டும். அவ்வெச்சரிக்கையை நிறுத்துதற்கு அமைப்பில் இடமுண்டு. நியோவிமில் வெறும் ஷெல்லாகத் திறந்த முனையம் பிழையின்றி முடிந்தால் மட்டுமே தானாக மூடும் வகையில் இயல்பமைப்பு ஏற்படுத்தப்பட்டுள்ளது. தொகுப்பி அல்லாத, மக் கணனியின் தனி முனைய நிரலும் இவ்வினாவைப் பயனாளரிடமே விட்டுள்ளது: எப்போதும் மூடுவதா, செவ்வனே முடிந்தால் மூடுவதா, மூடாதிருப்பதா என்பன அது தரும் தெரிவுகள்.

அங்ஙனமாயின் எண் எதுவாயினும் மூடிவிடுக எனப் பணித்தால் தொல்லை தீராதோ? தொல்லை தீரும், ஆனால் அறிய வேண்டியதும் உடன் மறையும். ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பில், தோல்வி கண்டதும் வெளியேறுமாறு பணிக்கும் ‘செற் -ஈ’ என்னும் கட்டளையை ஒருவர் எழுதிவிட்டார் எனக் கொள்வோம். அதன்பின் எழுத்துப்பிழையான ஒரு கட்டளையே ஷெல்லை 127 உடன் வீழ்த்தப் போதும். ‘சோர்ஸ்’ கட்டளை வழியே நடப்பு ஷெல்லிலேயே படிக்கப்படும் கோப்பில் ‘எக்ஸிற் 1’ இருப்பினும் அதே கதிதான். முனையம் உடனே மறைந்துவிட்டால் திரையில் இருந்த செய்தியும் அதனுடன் அழியும். புதியவர் ஒருவருக்குத் தம் தொகுப்பியே பழுதடைந்ததாகத் தோன்றும். அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே தடயம் அவ்வெண்ணாகும்.

வெளியேறும்போதெல்லாம் சுழியத்தையே கொடுக்குமாறு ‘ட்றப்’ கட்டளையால் ஷெல்லைப் பழக்கவும் இயலும். இதனை நான் ஏற்கேன். மேற்கூறிய உண்மையான வீழ்ச்சிகளையும் அது வெற்றியெனப் பொய்யுரைக்கும். ‘எக்ஸிற் 0’ எனத் தட்டுவதே எளிது, நேர்மையானதுங் கூட; நாமாக விரும்பி வெளியேறுகிறோம் என்பதை அவ்வொரு சுழியம் தொகுப்பிக்கு உணர்த்திவிடும். ஐயம் எழுமிடத்து, வெளியேறுமுன் ‘எக்கோ $?’ என இட்டுப் பார்த்தால் ஷெல் நினைவில் வைத்திருக்கும் எண் திரையில் தோன்றும். ஆயின் அந்த ‘எக்கோ’ தானும் ஒரு கட்டளையே. அது வெற்றியுடன் முடிவதால் அதன்பின் இறுதி எண் சுழியமாகிவிடும். எனவே எண்ணைப் பார்த்தபின் வெளியேறுவோருக்கு முனையம் எவ்வித முறைப்பாடுமின்றி மூடிக்கொள்ளும்.