பந்தல் மேலே, வெயில் மேற்கே

"ஏனுங்க, பந்தல் போட்டும் வாசல்ல உட்கார முடியலையே?" சித்திரை மாதத்தில் ஈரோட்டில் எந்த வீட்டில் டீ குடித்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பச்சை நெட் கட்டி, தொட்டிகளில் செடி வைத்து, இரண்டு பிரம்பு நாற்காலியும் போட்டிருப்பார்கள். மாலை 4 மணிக்குப் பார்த்தால் நாற்காலிமேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். இன்னும் அடர்த்தியான நெட் வாங்கலாமா என்று கேட்பார்கள். கோளாறு நெட்டில் இல்லை.

டீ ஆறுவதற்குள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11.3 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 வாக்கில் பகல் 12.20 மணிக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட கம்புக்கு நிழலே விழாது. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து அடிக்கும். 'வடக்கு வாசல், குளுகுளுன்னு இருக்கும்' என்று நம்பி வீடு கட்டியவர்கள் மே மாதத்தில் ஏமாறுவது இதனால்தான். தெற்கே மறைக்கச் சொல்லும் குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்களும் நம் கோடைக்கு உதவாது.

உச்சி வெயிலைப் பந்தல் பார்த்துக்கொள்ளும். ஆனால் வாசலுக்கு நாம் வருவது மாலையில்தானே? ஏப்ரல் நடுவில் 4 மணிக்குச் சூரியன் 36 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. 9 அடி உயரப் பந்தலின் நிழல் அப்போது சுமார் 12 அடி கிழக்கே தள்ளி விழும். வாசலின் அகலமே 10 அடி என்றால் நிழல் மொத்தமும் வெளியே போய்விட்டது. கிழக்கு வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் அதில் சுகமாக நிற்கும். 5 மணிக்கு 20 அடிக்கும் மேல் தள்ளிப்போகும்.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. வானம் பார்த்த தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம் இறங்கியிருக்கும். சாயங்கால வெயிலை மேற்குத் தாழ்வாரமே மறித்துவிடும். இன்றைய வாசலுக்கு மேற்கே அப்படி எதுவும் கிடையாது. அதனால் கூரைக்குச் செலவழிக்கும் அளவுக்கு மேற்குத் தடுப்புக்கும் செலவழிக்க வேண்டும் என்பேன்.

அந்தத் தடுப்பு உயிருள்ளதாக இருந்தால் அழகு. காவிரிக் கரையின் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அகத்தி விதைப்பார்கள். அது வளர்ந்து நின்றபிறகுதான் வெற்றிலைக் கொடியை நடுவார்கள். கொடி பற்றி ஏறுவதும் அகத்தியில், அதற்கு நிழல் தருவதும் அகத்தி. அடர்ந்துபோனால் கிளையைக் கழித்து ஆடுமாடுகளுக்குப் போடுவார்கள். வெயில் சலித்து உள்ளே இறங்கும், காற்றும் ஓடும். இதையே வாசலின் மேற்கு ஓரத்தில், மண் தரை இருந்தால், ஒரு வரிசை செய்து பாருங்கள். தண்ணீர் கிடைத்தால் ஒரே வருடத்தில் 10 அடியைத் தொடும். அந்த உயரத்தில் தலையைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே மட்டும் தழைத்துக் கீழே மொட்டையாக நிற்கும். எளிதில் ஒடியும் மரம், ஆயுளும் குறைவு. கீரையும் பூவும் சமையலுக்கு ஆகும் என்பதால் மன்னித்துவிடலாம்.

மண் இல்லாத சிமென்ட் வாசலா? மூங்கில் திரை தொங்கவிடுங்கள். செலவைக் குறைக்க நினைத்தால் நம்மூர்க் காடாத் துணி இருக்கிறது: தடித்த ரகமாக வாங்கி, மேல் விளிம்பில் கம்பி நுழைக்கும்படி தைத்துக்கொண்டால் போதும். வெயிலில் நாளடைவில் இற்றுப்போகும், வேறு மாற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் சுருட்டி வைக்கும்படி இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் அறையும்; இறுகக் கட்டிய திரை கம்பியோடு பிடுங்கிக்கொள்ளும்.

இனி மேல்பந்தல். நெட் 50, 75, 90 சதவீதம் என்று வெயிலை மறைக்கும் அளவுப்படி விற்கிறார்கள். செடிக்கு 50, ஆளுக்கு 75. 90 காற்றோட்டத்தையும் குறைத்துவிடும். பச்சை நெட்டின் கீழே உட்கார்ந்தவர் முகமும் பச்சை பாய்ந்துதான் தெரியும். பெண் பார்க்க வருகிற வீட்டில் வெள்ளை நெட் போடுவது நல்லது. தென்னங்கீற்றுக்கு இணையான குளுமை இவை எதற்கும் கிடையாது. ஆனால் ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டும், தீபாவளி ராக்கெட்டுக்குப் பயப்பட வேண்டும். தகரம் வேண்டவே வேண்டாம். வெயிலில் காய்ந்து அந்தச் சூட்டை நம் தலைமேலேயே இறக்கும்.

இலைக்கு அந்தக் குறை இல்லை. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால், ஈரோடு 42 டிகிரியைத் தாண்டிய 2024 கோடை போன்ற சமயத்திலும், வேரில் ஈரம் இருந்தால், இலை தகரம்போல் கொதிப்பதில்லை. கொடிப்பந்தலில் என் முதல் ஓட்டு கோவைக்காய்க்கு. தண்டை வெட்டி நட்டால் வரும், ஒருமுறை ஏறினால் பல வருடம் நிற்கும். நன்றாகக் காய்க்கிற கொடியிலிருந்தே தண்டு வாங்குங்கள். பூ வேண்டுமென்றால் ரங்கூன் மல்லி: சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, பிறகு இளஞ்சிவப்பாகி, கடைசியில் சிவக்கும், ஒரே கொத்தில் மூன்று நிறமும் தெரியும். கனத்த கொடி, சவுக்குக் கம்பு தாங்காது. கல்தூணோ இரும்புக் குழாயோ நடுங்கள். குழாய் என்றால் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றிவிடுங்கள், வெறும் இரும்பு காய்ந்து இளங்கொழுந்தைக் கருக்கிவிடும்.

பந்தல்காரரை அழைக்கும் முன், மாலை 4 மணிக்கு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, வெயில் எந்த இடைவெளியில் நுழைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியை அடைக்க ஆகும் பணத்தை முதலில் எடுத்து வையுங்கள். மிச்சத்தில் கூரை போடலாம்.