மின்னூட்டிக்கு ஓட்டு: பாதிப் பேர் போதும், எதில் பாதி?

சிங்கப்பூரில் மின்காருக்கான ஊக்கத் தள்ளுபடி 2026 டிசம்பர் 31-உடன் முடிகிறது. உச்சவரம்பு 7,500 வெள்ளி. அதைத் தவறவிடக்கூடாது என்று அவசரப்படும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: காரை வாங்கிவிடலாம், எங்கே மின்னூட்டுவது? அமெரிக்காவில் இதையெல்லாம் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்களாமே, நமக்கு அது கிடையாதா என்றும் சிலர் கேட்கிறார்கள்.

அங்கே உண்டு. கொலராடோ மாநில வாக்காளர்கள் 2004-லேயே மின் நிறுவனங்கள் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் பருவநிலைச் சட்டத்தை ரத்து செய்யும் முயற்சியை 2024-ல் வாக்காளர்களே தோற்கடித்தார்கள். சிங்கப்பூரில் நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு நடந்தது ஒரே முறை, 1962 செப்டம்பர் 1-ல். மலாயாவுடன் இணைவது பற்றிய அந்தச் சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. இணைய வேண்டாம் என்பது அவற்றில் இல்லை.

ஆனால் தூய எரிசக்திக்காகச் சாதாரணக் குடியிருப்பாளர் கை தூக்கும் இடம் ஒன்று இங்கேயும் இருக்கிறது: கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வளாகத்தின் பொதுக்கூட்டம்.

2030-க்குள் 60,000 மின்னூட்டு முனைகள் என்பது அரசின் இலக்கு. அதில் 40,000 பொதுக் கார்நிறுத்துமிடங்களில். மீதி 20,000 தனியார் வளாகங்களில், அதாவது கடைத்தொகுதிகள், அலுவலகங்கள், கொண்டோக்களில். அரசு அறிவித்த இலக்கில் மூன்றில் ஒரு பங்கை அரசு கட்டப்போவதில்லை. கொண்டோக்களைப் பொறுத்தவரை, அக்கம்பக்கத்தார் சம்மதித்தால்தான் உண்டு.

முன்பு அந்தச் சம்மதம் மலையேறுவதாக இருந்தது. பொது இடத்தை மூன்றாண்டுக்கு மேல் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட 90 விழுக்காடு ஓட்டு வேண்டும்; பொது வசதியில் மேம்பாடு செய்ய 75 விழுக்காடு. கார் இல்லாதவர்கள் சிலர் முகம் சுளித்தாலே தீர்மானம் விழுந்துவிடும். 2022-ல் நிறைவேறி 2023 டிசம்பர் 8-ல் நடப்புக்கு வந்த மின்வாகன மின்னூட்டுச் சட்டம், சில நிபந்தனைகளோடு, இதைப் பாதிக்கு மேல் என்று இறக்கியது. நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் "பெரும்பான்மை உரிமையாளர்கள் ஆதரித்தால் போதும்" என்று இதைச் சுருக்கிச் சொல்வது சரியல்ல. கணக்கு மொத்த வீடுகளில் இல்லை, விழுந்த செல்லுபடியாகும் ஓட்டுகளில்.

200 வீடுகள் உள்ள ஒரு கொண்டோவை எடுத்துக்கொள்வோம். எல்லா வீட்டுக்கும் ஒரே பங்கு மதிப்பு, அதாவது வளாகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பங்கின் அளவு ஒன்றே. கூட்டம் தொடங்க 30 விழுக்காடு, அதாவது 60 வீடுகள் வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்தும் அத்தனை பேர் சேராவிட்டால், வந்திருப்பவர்களே போதும் என்கிறது கொண்டோ நிர்வாகத்துக்கான சட்டம். 30 வீடுகள்தான் வந்தன என்றால், 16 ஓட்டில் முடிவு தயார். வர முடியாதவர் தன் சார்பில் ஓட்டுப் போட இன்னொருவருக்குப் பிராக்ஸி எழுதித் தரலாம். ஒருவர் இரண்டு வீடுகளுக்கு, அல்லது மொத்த வீடுகளில் 2 விழுக்காட்டுக்கு, எது அதிகமோ அதுவரை பிராக்ஸியாக இருக்கலாம். இங்கே அது நான்கு வீடுகள். தன் ஓட்டையும் சேர்த்தால் ஒருவர் கையில் ஐந்து. அப்படி நான்கு பேர் உட்கார்ந்தால் இருபது ஓட்டு. மின்னூட்டி வருவதும் வராததும் அந்த நால்வர் கையில்.

என்னை உறுத்துவது இதுதான். குறைவான வருகை மின்கார்க்காரருக்கு உதவுவது போலவே, அவரை எதிர்க்கும் நான்கு பேருக்கும் உதவும். வீடுகளின் அளவு வேறுபட்டால் இன்னொரு சிக்கல்: யாராவது முறையான வாக்கெடுப்பு கேட்டால், தலைக்கணக்கு போய்ப் பங்கு மதிப்புக் கணக்கு வரும். பெரிய வீட்டுக்குக் கனம் கூடும்.

இனி மற்றக் கேள்விகள்.

தேக்கா நிலையத்துக்கு மேலே, பஃபலோ ரோட்டில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம், எங்களுக்கு ஓட்டு? இல்லை, நிலப் போக்குவரத்து ஆணையமும் அதன் துணை நிறுவனமும் முடிவு செய்யும். வீட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 75 விழுக்காடு சிங்கப்பூரர் குடும்பங்களின் ஓட்டு கேட்கும் வழக்கம் மின்னூட்டிக்கும் கூரைச் சூரியத் தகட்டுக்கும் கிடையாது. கேட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

வாடகைக்கு இருக்கிறேன்? ஓட்டு இல்லை, வீட்டுக்காரரிடம் பிராக்ஸி எழுதி வாங்குங்கள்.

பராமரிப்புக் கட்டணம் பாக்கி? கூட்டத்துக்குக் குறைந்தது 3 நாள் முன்பே கட்டிவிடுங்கள், இல்லையேல் கை தூக்க முடியாது.

நானே தீர்மானம் கொண்டுவரலாமா? உரிமையாளர் யாரும் கொண்டோ நிர்வாக மன்றச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்து அடுத்த கூட்டத்தில் சேர்க்கச் சொல்லலாம்.

அதுவரை பொறுக்க முடியாது? பங்கு மதிப்பில் 20 விழுக்காடு, அல்லது உரிமையாளர்களில் 25 விழுக்காட்டினரின் கையெழுத்து இருந்தால் சிறப்புக் கூட்டம் கேட்கலாம். ஆறு வாரத்துக்குள் கூட்டியாக வேண்டும். டிசம்பருக்குள் கார் எடுப்பவர்கள் கையெழுத்து வேட்டையை இப்போதே தொடங்குவது நல்லது.