நான்கு மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவே

குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை என்று மறையுரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். திருப்பூர் போன்ற ஒரு தொழில் நகரத்தில், வேலை நாள் ஒன்றில், மாலை நான்கு மணிக்கு அந்தக் குட்டித் திருச்சபையின் கதவைத் தட்டிப் பார்ப்போம். பல வீடுகளில் அது பூட்டியிருக்கும். தந்தை ஒரு பனியன் கம்பெனியில், தாய் இன்னொரு கம்பெனியில்; அல்லது இருவருமே ஒரே கம்பெனியில். பள்ளி விட்டு வரும் பிள்ளை கழுத்தில் மாட்டிய சாவியோடு வருகிறது, அல்லது பக்கத்து வீட்டில் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது.

வேலைக்குப் போகும் பெற்றோரைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய களைப்பைப் பற்றியும் காசு பற்றாக்குறையைப் பற்றியும் நாம் பேசுகிறோம். பள்ளி விடும் நேரத்துக்கும் வேலை விடும் நேரத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த நான்கரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இங்கே அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். லைன் வீடுகளில் காலை நாலரைக்கும் ஐந்துக்கும் விளக்கு எரியத் தொடங்கிவிடுகிறது. தண்ணீர் வரும் நாளாக இருந்தால் அதற்கும் முன்பே. குடங்களை நிரப்பி, சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, மூன்று நான்கு டிபன் டப்பாக்களில் அடைத்து, பிள்ளைகளுக்குத் தலை பின்னி முடிப்பதற்குள் எட்டு மணி. தெருமுனையில் கம்பெனி வேன் நிற்கிறது. எட்டரைக்கு மிஷின் ஓடத் தொடங்க வேண்டும்.

திருப்பூர்க் கணக்கில் ஒரு ஷிப்ட் என்பது காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. ஆனால் அங்கே யாரையாவது கேட்டுப் பாருங்கள், “ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன்” என்பார்கள். அதாவது இரவு எட்டரை வரை. ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் அதற்கு மேலும் போகும். “பிள்ளைக்காக ஐந்தரைக்குக் கிளம்பிவிட வேண்டியதுதானே” என்று வெளியில் இருந்து சொல்வது எளிது. ஒரு டி-ஷர்ட் ஒரே ஆளின் கையில் உருவாவதில்லை. ஒருவர் தோள் பட்டையை இணைப்பார், அடுத்தவர் கழுத்துப் பட்டி வைப்பார், இன்னொருவர் ஓவர்லாக் அடிப்பார், கைமடி செய்பவர் துணியை எடுத்துக் கொடுப்பார், கடைசியில் செக்கிங். நடுவில் ஒருவர் எழுந்து போனால் பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு அது அவர்களுடைய கூலியிலும் விழும் அடி. ஆகவே போக வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்வதற்கு முன்பே சக தொழிலாளியின் முகம் சொல்லிவிடுகிறது. தவிர, சனிக்கிழமை கையில் வரும் சம்பளத்தில் அந்த அரை ஷிப்ட்தான் பல வீடுகளின் வாடகை.

ஊரில் இருந்தால் ஆச்சி இருப்பார், அத்தை இருப்பார். திருப்பூரின் தொழிலாளர் குடும்பங்களில் கணிசமானவை மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் பக்கங்களில் இருந்து வந்தவை. ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் மாநிலங்களில் இருந்து வந்தவர்கள் இன்னும் தூரத்தவர்கள். அவர்களில் நம் கத்தோலிக்கர்களும் உண்டு என்பதைப் பல பங்குகள் தாமதமாகவே தெரிந்துகொண்டன. பிழைப்புக்காகக் குடும்பம் இடம்பெயரும்போது கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும்தான் வண்டியேறுகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கைகள் ஊரிலேயே நின்றுவிடுகின்றன. சிலர் அதனாலேயே பிள்ளையை ஊரில் ஆச்சியிடம் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை பேருந்தில் போய்ப் பார்த்து வருகிறார்கள். அதையும் நாம் குறை சொல்ல முடியாது.

சட்டம் என்ன செய்கிறது? கொஞ்சம் செய்திருக்கிறது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2017இல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தியபோது, முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு, 50 பேர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதி ஆகியவை வந்தன. இவை எல்லாம் நல்லவை. சிறிய ஜாப் ஒர்க் கூடங்களில் இவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அந்த ஆறு வயது என்ற எல்லையை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் காப்பக அறை ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கே. பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால் அதன் பொறுப்பைப் பள்ளி ஏற்றுக்கொள்ளும் என்று சட்டம் நினைக்கிறது. பள்ளியோ நான்கு, நாலே காலுக்கு மணி அடித்துவிடுகிறது.

காலைப் பொழுதில் இதே போன்ற ஓர் இடைவெளி இருந்தது. வேன் எட்டுக்குப் போய்விடும், பள்ளி ஒன்பதுக்குப் பிறகுதான் தொடங்கும். அந்த ஒரு மணி நேரத்தை ஓரளவு அடைத்தது, அந்த நோக்கமே இல்லாமல் வந்த ஒரு திட்டம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் இதில் சேர்ந்தன. நம் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் அப்படித்தான் காலையில் உப்புமாவும் பொங்கலும் வந்தன. குழந்தையின் வயிற்றுக்காகக் கொண்டுவந்த திட்டம் அது. ஆனால் எட்டு மணிக்கே திறந்த ஒரு கதவும், பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு பெரியவரும் அங்கே கிடைத்தார்கள். வேனைப் பிடிக்க ஓடும் தாய்க்கு அது பெரிய ஆறுதல். மாலைக்கு அப்படி ஒன்று இல்லை.

இல்லாத இடத்தை எதுவோ ஒன்று நிரப்பிக்கொள்கிறது. காசு உள்ளவர்கள் டியூஷனில் சேர்க்கிறார்கள். பல தாய்மார்களுக்கு டியூஷன் என்பது பாடத்துக்காக அல்ல, பிள்ளை பத்திரமாக ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதற்காக. டியூஷன் இல்லாத வீட்டில் செல்போன். அதைப் பற்றி நாம் எல்லாரும் நிறையவே திட்டிவிட்டோம், இங்கே வேண்டாம்.

இன்னொருவர் இந்த இடத்தை நிரப்புகிறார், அவரைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்: வீட்டின் மூத்த மகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நாலே காலுக்குத் தன் பள்ளியில் இருந்து கிளம்பி, தம்பியை அவன் பள்ளியில் இருந்து கூட்டிக்கொண்டு, துவைத்துக் காயப்போட்ட துணியை எடுத்து மடித்து, காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களைத் தேய்த்து, தம்பிக்கு ஏதாவது கலந்து கொடுத்து, ஏழு மணிக்கு அரிசி களைந்து அடுப்பில் ஏற்றுகிறாள். “என் பொண்ணு பொறுப்பானவ” என்று அம்மா பெருமையாகச் சொல்வார்; அது உண்மையும்கூட. ஆனால் அவள் வீட்டுப்பாடம் எழுதுவது எப்போது? தோழிகளோடு விளையாடுவது எப்போது? ஒன்பதாம் வகுப்பில் அவள் மதிப்பெண் குறையும்போது “படிப்பு ஏறல, கம்பெனிக்கே வரட்டும்” என்ற முடிவு மெல்ல வந்துவிடுகிறது. அம்மா உட்கார்ந்த அதே வகை மிஷினுக்கு முன்னால் மகளும் வந்து உட்காருவதற்கு இந்த மாலைகளும் ஒரு காரணம். அவளுடைய தம்பிக்கு இந்த முடிவு இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது, நாம் சங்கடப்பட்டு ஒதுக்கிவிடும் விஷயம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்பவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. பக்கத்து வீட்டு மாமா, உறவுக்காரர், தெரிந்த கடைக்காரர். பெரியவர் இல்லாத வீடு எது, எத்தனை மணி வரை இல்லை என்பது இவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சாவியைக் கொடுக்கும் வீட்டைத் தேர்ந்தெடுப்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதும் சந்தேகப் புத்தி ஆகாது.

“தாய் வீட்டில் இருந்தால் இதெல்லாம் வருமா?” என்று கேட்பவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் எழுதிய மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலில், ஒரு குடும்பத்தைத் தாங்கும் அளவுக்குக் கூலி இருக்க வேண்டும் என்பதை நீதியான சம்பளத்தின் அளவுகோலாக வைத்தார். தாய்மார்களைப் பற்றி அவர் பேசுவதும் அதே பகுதியில்தான். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் எடுத்து ஒரு தையல் தொழிலாளிக்குப் போதிப்பது முறையல்ல என்பது நம் கருத்து. இரண்டு சம்பளம் வந்தும் வாடகை, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிக் கடன், தங்கை கல்யாணக் கடன் என்று சனிக்கிழமைப் பணம் செவ்வாய்க்கிழமைக்குள் கரைகிற வீட்டில், ஒரு சம்பளத்தை நிறுத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்தக் கேள்வியை ஏன் தாயிடம் மட்டும் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. மத்தியப் புள்ளியியல் துறை 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்; ஆண் 88 நிமிடங்களை. 2019இல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. (ஆண் வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தை மூடிவிட வேண்டாம்.) ஒரே கம்பெனியில் இருந்து ஒரே வேனில் எட்டரைக்கு இறங்கும் கணவனும் மனைவியும் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்தால் போதும்: அவர் டீக்கடைப் பக்கம், இவர் அடுப்புப் பக்கம். வீட்டு வேலையைச் செய்வதால் ஓர் ஆணின் ஆண்மை குறைந்துவிடாது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பங்களைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கணவனும் மனைவியும் மாறி மாறி வாரத்தில் மூன்று நாள் ஐந்தரைக்கே கிளம்பலாம் என்று பேசி முடிவு செய்த குடும்பத்தில், அரை ஷிப்ட் கூலியின் இழப்பு இருவருக்கும் பகிர்ந்து போகிறது. பிள்ளைக்கும் ஆறு மணிக்கு ஒரு பெரியவர் கிடைக்கிறார். எல்லாக் கம்பெனியிலும் இது நடக்காது. கேட்டுப் பார்க்காமலே நடக்காது என்று முடிவு செய்துவிடுவதுதான் அதிகம்.

இனி நம் பங்கு. ஏழு மணிக்குக் குடும்பச் செபமாலை சொல்லுங்கள் என்று அறிவிக்கிறோம். அந்த நேரத்தில் செபமாலை சொல்ல அந்த வீட்டில் இருப்பது பதின்மூன்று வயது மகளும் எட்டு வயதுத் தம்பியும்தான். அதே நேரம் நம் பங்கு மண்டபத்தில், திருமணமோ கூட்டமோ இல்லாத நாள்களில், நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. 2021இல் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, தன்னார்வலர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலும் தெருக் கூடத்திலும் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனாக் காலப் படிப்பு இழப்புக்காக வந்தது அது. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைக்கப் பெரிய கட்டடமோ பெரிய பணமோ தேவையில்லை என்பதை அது காட்டிவிட்டது.

மண்டபத்தைத் திறப்பதென்றால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, அவர் யாராக இருந்தாலும். கதவு திறந்தே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையை யார் வந்து கூட்டிப் போகிறார் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வேண்டும். கழிப்பறை சுத்தமாக, தாழ்ப்பாளோடு இருக்க வேண்டும். நான்கு மணிக்கு வரும் பிள்ளைக்குப் பசிக்கும். சுண்டலோ, பயறோ, ஒரு வாழைப்பழமோ போதும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் அன்பியங்களும் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு வாரத்தில் ஒரு மாலை வரும். பிற சமயத்துப் பிள்ளைகளும் வருவார்கள், வரட்டும். மண்டபத்தை இன்னொரு டியூஷன் ஆக்கிவிட வேண்டாம்; நாள் முழுதும் வகுப்பில் இருந்த பிள்ளை முதலில் ஓடி விளையாட வேண்டும். மூத்த மகள்களுக்கு மட்டும் ஒரு மேசை, ஒரு விளக்கு, தம்பி தங்கைகளின் தொல்லை இல்லாத ஒரு மூலை தனியாக ஒதுக்க வேண்டும்.

இதைப் பற்றிப் பெற்றோரிடம் பேச ஒரு கூட்டம் தேவைப்படும். அதை ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு, அரை மணி நேரத்தில் முடித்துவிடுவது நல்லது. வாரத் துணி துவைக்க அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான். வழக்கம்போல வார நாளில் மாலை ஏழு மணிக்கு வைத்தால், யாருக்காகக் கூட்டமோ அவர்கள் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.