போர்க்கப்பல்களின் ஓய்வு: விக்ராந்த் கற்றுத்தரும் பாடம்

போர்க்கப்பல் எப்போது ஓய்வு பெறுகிறது? ‘பழுதானால்’ என்றுதான் மாணவர்கள் எளிதில் சொல்வார்கள். ஆனால் பழுது மட்டுமே காரணமன்று. கப்பல் எந்த வேலைக்காகக் கட்டப்பட்டதோ, அந்த வேலையை வேறொன்று சிறப்பாகச் செய்யத் தொடங்கும்போதும், பராமரிப்புச் செலவு பயனை மிஞ்சும்போதும் அது ஓய்வு பெறுகிறது. ராஜபாளையம் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நன்றாக ஓடும் நூற்பு இயந்திரத்தைக்கூட, அதைவிட வேகமானது வந்தால் ஆலைகள் மாற்றிவிடுகின்றன அல்லவா?

பீரங்கியிலிருந்து விமானத்திற்கு

இரண்டாம் உலகப்போர் வரை பெரும் பீரங்கிகளும் தடித்த எஃகுக் கவசமும் கொண்ட கப்பல்களே கடல் வலிமையின் அடையாளம். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல்களைத் தாக்கின. மூன்றே நாளில், மலேயாக் கடற்கரைக்கு அப்பால் பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் இரு பெருங்கப்பல்கள் விமானத் தாக்குதலில் மூழ்கின.

காரணம் எளிய கணக்குதான். அமெரிக்காவின் அயோவா வகைக் கப்பலின் 16 அங்குலப் பீரங்கி சுமார் 38 கி.மீ. தொலைவு வரை சுடும். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பும் விமானமோ நூற்றுக்கணக்கான கி.மீ. சென்று தாக்கும்.

அயோவா வகையைச் சேர்ந்த ‘மிசௌரி’ கப்பலின் மேல்தளத்தில்தான் 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பானின் சரணடைவு கையெழுத்தானது. பிற்காலத்தில் ஏவுகணைகள் பொருத்தப்பட்டு 1991 வளைகுடாப் போரிலும் ஈடுபட்ட அது, 1992 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றது. அவ்வகைக் கப்பல்கள் நான்கும் இன்று அருங்காட்சியகங்களாக உள்ளன.

விக்ராந்தின் பயணம்

நமது முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த், பிரிட்டனில் ‘ஹெர்குலிஸ்’ என்னும் பெயரில் கட்டத் தொடங்கப்பட்டது. போர் முடிந்ததால் பணி பாதியில் நின்றது. 1957-இல் இந்தியா அதை வாங்கிக் கட்டி முடிக்கச் செய்தது. 1961 மார்ச் 4 அன்று அது நம் கடற்படையில் இணைந்தது.

1971 போரின்போது அதன் கொதிகலனில் விரிசல் இருந்தது; முழு வேகத்தில் செல்ல இயலாத நிலை. ஆயினும் டிசம்பர் 4 முதல் அதன் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் பகுதிகளைத் தாக்கி, கிழக்கே பாகிஸ்தானின் கடல்வழியை அடைக்க உதவின. பழுதான கப்பலுக்கும் தேவை இருந்தது. ஆகவே அது பணியில் நீடித்தது. காலப்போக்கில் செலவு கூடியது. 1987-இல் விராட் கப்பலும் வந்து சேர்ந்திருந்தது. 1997 ஜனவரி 31 அன்று விக்ராந்த் ஓய்வு பெற்றது.

ஓய்வுக்குப் பின்

மும்பையில் அருங்காட்சியகமாக மிதந்த விக்ராந்த், பாதுகாப்புக் காரணங்களால் 2012-இல் மூடப்பட்டது. உப்புநீரில் நிற்கும் இரும்பு இடைவிடாமல் துருப்பிடிக்கும். அந்தச் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. 2014-இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. நீதிமன்றம் வரை சென்ற எதிர்ப்பும் பலிக்கவில்லை, கப்பல் உடைக்கப்பட்டது. அதன் உலோகத்தில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் தயாரிப்பில் கலந்தது. விராட்டும் 2017-இல் ஓய்வு பெற்று, பின்னர் குஜராத்தின் அலங்கில் உடைக்கப்பட்டது.

ஆனால் 2001-இல் ஓய்வு பெற்ற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் தப்பித்தது. சுமார் 91 மீட்டர் நீளமே உள்ள அதை விசாகப்பட்டினம் கடற்கரையில் தரைமீது ஏற்றி நிறுத்த முடிந்தது. 2002 முதல் மக்கள் அதனுள் சென்று பார்க்கின்றனர். 213 மீட்டர் விக்ராந்தை அவ்வாறு கரையேற்றுவது எளிதன்று.

விக்ராந்தின் பெயர் மட்டும் அழியவில்லை. கொச்சியில் கட்டப்பட்ட புதிய விக்ராந்த், 262 மீட்டர் நீளத்துடன் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் இணைந்தது.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் கயிறு கொண்டு மைதானத்தில் 213 மீட்டரை அளக்கச் செய்யலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் உயரம் 192 அடி. பழைய விக்ராந்தின் நீளம் 700 அடி. எத்தனை மடங்கு என மாணவர்களே வகுத்துக் காணட்டும்.

உயர் வகுப்புகளில் அறிவியல் ஆசிரியர் துருப்பிடித்தலையும், சமூக அறிவியல் ஆசிரியர் 1971 போரையும் இணைத்துக் கற்பிக்கலாம். பிறகு ஒரு விவாதம்: ‘விக்ராந்தைக் காத்திருக்க வேண்டுமா?’ நினைவைப் பேசும் அணி, ஆண்டுதோறும் ஆகும் செலவை யார் ஏற்பது என்றும் சொல்ல வேண்டும். செலவைப் பேசும் அணி, உடைத்தபின் அடுத்த தலைமுறை எதைப் பார்த்து அறியும் என்றும் சொல்ல வேண்டும். ஆசிரியர் தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. இதே கேள்வியை நம் ஊரின் பழைய கட்டடத்துக்கும், ஊருணிக்கும், ஆலை இயந்திரத்துக்கும் கேட்க மாணவர் பழகினால், அதுவே இப்பாடத்தின் பயன்.