விலைக்கு வரும் திறவுகோல்

கணிப்பொறி பயின்ற மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருந்தால், கிட்ஹப் என்னும் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிரல் எழுதுவோர் தம் எழுத்தைத் திருத்தந்தோறும் சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியம் அது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. அங்கே எண்ணற்ற நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படியாயின், எழுதியவரின் அடுப்பு எரிவது எவ்வாறு?

மைக் பெர்ஹாம் என்னும் அமெரிக்கர் 2012-இல் சைட்கிக் என்ற மென்பொருளை வெளியிட்டார். இணையதளத்தில் நீங்கள் ஒரு பொருளை வாங்கியதும் ரசீது அனுப்புவது போன்ற வேலைகளை, உங்களைக் காக்க வைக்காமல் பின்னணியில் முடித்துவிடும் கருவி அது. அடிப்படைப் பகுதியை எவரும் இலவசமாகப் பெறலாம். பெரிய நிறுவனங்கள் நாடும் கூடுதல் வசதிகளையோ தனிக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டினார். சந்தா செலுத்துவோர்க்கே கடவுச்சொல் கிடைக்கும். ஊழியர் எவருமின்றிப் பல ஆண்டுகள் தனியொருவராகவே இவ்வணிகத்தை அவர் நடத்தினார்!

கேலெப் போர்சியோ என்பாரின் வழி வேறு. புதிய நிரலை முதலில் தமக்கு மாதந்தோறும் பொருளுதவி செய்வோர்க்கு மட்டும் திறப்பார். அவர்தம் எண்ணிக்கை குறித்த அளவை எட்டியதும் அனைவர்க்கும் பொதுவாக்கிவிடுவார். இத்தகைய வருவாய் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தொட்டதாக 2020-இல் அவரே எழுதினார். ஆதரவாளர்க்கு மட்டும் திறக்கும் களஞ்சிய வசதியைக் கிட்ஹப் 2022-இல் அளித்தது.

சந்தாவை நிறுத்தினால் என்னாகும் என்று கேட்பீர்கள். கதவு அடைபடும், ஆயினும், முன்னரே எடுத்த நகல் வாங்கியவரின் கணிப்பொறியில் இருக்கத்தான் செய்யும். எனவே, பூட்டை நம்பி நடக்கும் வணிகம் அன்று இது. துணை மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருப்பதால், திருத்தப்படாத நிரல் விரைவில் பழுதாகிவிடும். வாங்குபவர் பணம் தருவது பெரும்பாலும் நாளைய திருத்தத்திற்கே. விற்க முனையும் பிள்ளையிடம், "எத்தனை ஆண்டு பராமரிப்பாய்?" என்று முதலில் கேளுங்கள்.

மற்றொன்றும் கேளுங்கள்: அந்நிரல் யாருடையது? ஊதியத்திற்குப் பணிபுரிகையில், அப்பணியின் பொருட்டு எழுதியதன் முதல் உரிமையாளர், ஒப்பந்தம் வேறாகக் கூறாதவரை, முதலாளியே என்கிறது 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதையும் தமக்கென எழுதி வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு.