முகத்தில் வளரும் வேண்டாத ரோமம்

மேலுதட்டின் மீதும் மோவாயிலும் ரோமம் வளரக் காணும் பெண்மணிகள் அதைப் பிறரிடம் சொல்லக் கூசுவர். அக்கூச்சத்தினாலேயே யாரோ சொன்ன மருந்தை ஒளிவாக வாங்கிப் பூசிக்கொள்ளவும் துணிவர். ஆகையால் இவ்விஷயத்தைச் சங்க அங்கத்தினர் குடும்பங்கள் சற்று விவரமாக அறிந்திருத்தல் நலம்.

மஞ்சள் பயிரிடும் அங்கத்தினர்கள் மன்னிக்க வேண்டும். கஸ்தூரி மஞ்சளைப் பயற்றம் மாவுடன் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் தேய்த்தெடுத்தால் பூனைமுடி சிறிது உடன் வருவதுண்டு. ஆனால் வேர் அதனால் அழிவதில்லை. முரட்டு ரோமம் அசைவதுமில்லை.

நெசவாளர் வீட்டுக்குப் புதிதல்லாத ஒரு பொருளே இதற்குச் சிறந்த கருவியாகும். அது நூல். ஆனால் ஒற்றை இழை நூல் அறுந்துவிடும். முறுக்கேறிய பருத்தித் தையல் நூலே ஏற்றது. ஏறக்குறைய இரண்டடி நூலை எடுத்து, இரு முனைகளையும் முடிந்து வளையமாக்குக. வளையத்தின் இரு பக்கங்களிலும் விரல்களை நுழைத்து, நடுவில் எட்டுப் பத்து முறுக்கு ஏற்றுக. ஒரு கை விரல்களை விரித்தால் முறுக்கு மறு கையை நோக்கி ஓடும். அம்முறுக்கில் சிக்கும் ரோமம் வேருடன் வந்துவிடும். முதலில் காலில் பழகிக்கொண்டு பிறகு முகத்திற்குச் செல்வது நன்று. முகப்பரு உள்ள இடத்தில் நூலை ஓட்டலாகாது. மீண்டும் ரோமம் தலைகாட்டச் சில வாரங்கள் ஆகும்.

சவரம் செய்தால் ரோமம் அடர்ந்து வளரும் என்று அஞ்சுவோர் பலர். அமெரிக்க உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் அம்மையார் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், சவரத்தினால் ரோமத்தின் பருமனோ வளர்ச்சியோ மாறுவதில்லை எனக் காட்டினார். கூரிய நுனி வெட்டுண்டு மழுங்குவதால்தான் தொட்டால் சொரசொரப்பாகத் தோன்றுகிறது.

அஞ்ச வேண்டியவை வேறு உண்டு. அரிதாரத்தைச் சுண்ணாம்புடன் கலந்து ரோமம் களைவது பழைய வழக்கம். அரிதாரமோ பாஷாண வகையைச் சேர்ந்தது. அதை முகத்தில் பூசவே கூடாது. பெட்டியில் அடைத்து அழகிய பெயரிட்டு விற்பதெல்லாம் பத்திரமானது என்பதும் இல்லை. 1930ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் 'கோரெம்லு' என்ற களிம்பு விற்பனையாயிற்று. அதில் கலந்திருந்தது தாலியம் என்னும் நஞ்சு. பூசிய பெண்கள் தலைமுடி உதிர்ந்து, நரம்புகள் கெட்டு, நடக்கவும் இயலாது வருந்தினர். இழப்பீட்டு வழக்குகள் பெருகி 1932இல் அந்நிறுவனம் நொடித்தது. இன்று கடையில் விற்கும் ரோம நாசினிகளிலும் முகத்துக்கென்று குறித்தவற்றையே வாங்கி, முதல் நாள் முன்கையில் சிறிது பூசிப் பார்த்தல் வேண்டும்.

நூலும் கத்தியும் போதாத நிலை ஒன்றுண்டு. மாதவிலக்கு தவறித் தவறி வருதல், உடல் பருத்தல், ஓயாத முகப்பரு இவற்றுடன் முரட்டு ரோமமும் வளருமாயின் சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு இருக்கலாம். சில மாதங்களுக்குள் திடீரென ரோமம் அடர்ந்து, குரலும் தடித்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அரிதாகக் கட்டி காரணமாயிருப்பதுண்டு. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணாயிற்றே, ஊர் அறிந்துவிடுமே என்று தாய்மார் மறைப்பதைக் காண்கிறோம். அரசினர் மருத்துவமனையில் பெண்கள் பிரிவிலேயே இதற்குப் பரிசோதனை செய்வர். மருந்து தொடங்கினாலும் ரோமம் குறைந்து தெரிய ஆறு மாதம் செல்லும். அதுவரை நூலைக் கைவிட வேண்டியதில்லை.