ராக் பாட்டுப் புத்தகம் வாங்குமுன்

ஊட்டி அருகே உள்ள கிளென்மார்கனில் தேயிலைத் தோட்டம் உண்டு, சிங்காராவுக்கு இறங்கும் மின்வாரிய விஞ்ச் உண்டு. இசைப் புத்தகக் கடை கிடையாது. அங்கே கிட்டார் பழகும் ஒருவர் ராக் பாட்டுப் புத்தகத்தைச் செல்பேசியில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அட்டைப்படமும் விலையும் தெரியும். உள்ளே எந்த வகை நொட்டேஷன் என்பது பார்சலைப் பிரித்த பிறகே தெரியும்.

ஒரே ஆல்பத்துக்கு மூன்று நான்கு வகைப் புத்தகங்கள் வருவதுண்டு. அட்டையில் ‘பியானோ, வோக்கல், கிட்டார்’ என்று இருந்தால் அது கிட்டார்காரருக்கான புத்தகம் என்று நம்பிவிடக் கூடாது. பாடுகிற மெட்டைப் பெரும்பாலும் பியானோவில் வலது கையே வாசிக்கும். கிட்டாருக்குக் கிடைப்பது வரிகளுக்கு மேல் அச்சிட்ட கார்டுப் பெயர்கள்தான். பேஸ், டிரம்ஸ் இருக்காது. லீட் கிட்டாரின் தனிப்பகுதி பல பாட்டுகளில் வெட்டுப்பட்டிருக்கும். சில பாட்டுகள் வேறு சுருதிக்கே மாறியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து பாட அது நல்ல புத்தகம். பேண்டு சேர்ந்து ஒலிப்பதிவில் உள்ளபடி வாசிக்க உதவாது. அதற்கு, எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட் என்று ஆறு கோடுகளில் எண்ணிட்டுக் காட்டும் டேப் வேண்டும். எல்லாக் கருவிகளும் வேண்டுமென்றால் ‘டிரான்ஸ்கிரைப்டு ஸ்கோர்’ என்ற வகையைத் தேட வேண்டும்.

முழு ஸ்கோருக்குப் பேர்போனது பீட்டில்ஸின் ‘கம்ப்ளீட் ஸ்கோர்ஸ்’. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் இந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் பீட்டில்ஸ் அல்லர். அவர்களில் யாருக்கும் நொட்டேஷன் எழுதவோ படிக்கவோ தெரியாது. ஜப்பானியர் நால்வர் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எழுதியது அது. 1989இல் ஜப்பானில் வந்து, 1993இல் ஹால் லெனார்டு வெளியீடாக அமெரிக்காவுக்குப் போனது. இளையராஜாவைப் போல இசையைத் தாமே தாளில் எழுதித் தருபவர்கள் ராக் உலகில் குறைவு. ஆகவே சிறந்த புத்தகமும் இன்னொருவரின் காது கேட்டதுதான். பாட்டை ஓடவிட்டு, பக்கத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். டியூனிங் குறிப்பையும் பார்க்க வேண்டும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பல பதிவுகளில் கம்பிகளை அரைச் சுரம் இறக்கி வாசித்தவர். அந்தக் குறிப்பு இல்லாத புத்தகத்தை வைத்துப் பழகினால் பதிவோடு சேரவே சேராது.

அடுத்த ஆபத்து ஜெராக்ஸ் பிரதி. பாதி விலையில் வரும். டேப் எண்கள் மங்கி, 3ஆ 8ஆ என்றே தெரியாது. சட்டச் சிக்கலும் உண்டு. 1957 காப்புரிமைச் சட்டத்தின்படி இசையும் அதன் நொட்டேஷனும் காப்புரிமைக்கு உட்பட்டவை. வரிகளுக்குத் தனி உரிமை. படைத்தவர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். தெரிந்தே திருட்டுப் பிரதி அடித்து விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதே சட்டம் கற்பவரைக் கைவிடவில்லை. சொந்தப் பயிற்சிக்கு நியாயமான அளவில் படியெடுப்பதையும், பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதையும் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

மேடையில் வாசிப்பது வேறு உரிமை. காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியதால் அது வந்துவிடாது. மத நிகழ்ச்சிக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும், கட்டணமில்லாமல் கேட்பவர்கள் முன் அமெச்சூர் குழு வாசிப்பதற்கும் விலக்கு உண்டு. ஊட்டி ரிசார்ட்டில் வாடிக்கையாளர்களுக்காக வாசித்தால் இசைப் படைப்பாளிகளின் உரிமையைக் கவனிக்கும் ஐபிஆர்எஸ் போன்ற சங்கத்தின் உரிமம் தேவைப்படும். அதை யார் எடுப்பது என்பதை நிகழ்ச்சி நடத்துபவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது இசைக்கலைஞருக்குப் பாதுகாப்பு.

வந்த புத்தகம் விளம்பரத்தில் சொன்னபடி இல்லையா? போலியா? திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். விற்பனைப் பக்கம், ரசீது, பிரித்த பார்சல் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மலைவாசிகளுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது: விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கிளென்மார்கன்காரருக்கு அந்த ஆணையம் ஊட்டியில். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்டு, சுயதொழிலுக்கென வாங்கியவரும் நுகர்வோர்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.